செய்யாறு பிறக்கும் மலைநாடு

உத்திரமேரூர் வட்டாரத்துக் குடியானவர்கள் ஆடி மாதம் பிறந்தது முதல் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: "ஆற்றில் தண்ணீர் வந்ததா?" ஊரின்மேல் பெய்யும் மழையை யாவரும் கண்ணால் காண்பர், அதைப்பற்றி யாரையும் விசாரிக்க வேண்டுவதில்லை. ஆற்று நீரின் விஷயம் அப்படிப்பட்டதன்று. உள்ளூரில் வானம் வெளுத்திருக்கும் நாளில் செய்யாறு நுரைத்து வருவதும், உள்ளூரில் மழை பெய்தும் ஆறு வெறும் மணலாய்க் கிடப்பதும் உண்டு. அனுமந்தண்டலத்தில் செய்யாற்றின் குறுக்கேயுள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வரும் நீரே உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்குப் பெருந்துணை. பல்லவ மன்னன் தந்திவர்மனின் விருதுப் பெயரால் வைரமேக தடாகம் என்று கல்வெட்டுக்களில் வழங்கப்பட்ட இவ்வேரி, ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு மேலாக அயலூர் மழையை எதிர்பார்த்தே வந்திருக்கிறது. அந்த அயலூர் எது, அங்கே வாழ்பவர் யார், அவர்கள் பிழைப்பு எத்தகையது என்பவற்றை ஏரிப்பாசனக் குடிகள் அறிந்திருத்தல் அவசியம். தங்கள் மதகில் பாயும் நீரின் முதற் சொந்தக்காரர் அவர்களே.

உத்திரமேரூரிலிருந்து ஏறக்குறைய நேர் மேற்கே, பறவை பறக்கும் வழியில் சுமார் 60 மைல் தூரத்தில் அந்த நாடு இருக்கிறது. அதன் பெயர் ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இத்தொடர் ஒருபுறம் 50 மைலும் மற்றொருபுறம் 20 மைலுமாகப் பரந்தது. இதன் சிகரங்கள் பெரும்பாலும் 3,600 அடி முதல் 3,800 அடி வரை உயர்ந்தவை. இக்காலத்து ஜில்லாப் பிரிவினையில் இம்மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் அடங்குகிறது. மலைவாசிகளோ தங்கள் பகுதிகளைப் பழைய வழக்கப்படி 'நாடு' என்றே சொல்லுகின்றனர். புதூர் நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்பன அவ்வாறு வழங்கும் பெயர்கள். ஆகவே இதனை ஒரு நாடு என்பது வெறும் அலங்காரச் சொல்லன்று.

கடற்கரையில்லாத மலைநாடுகள் உலகில் பல உள. இந்தியாவின் வட எல்லையிலுள்ள நேபாளமும் பூடானும் அத்தகையவை. அவை யாவற்றுக்கும் பொதுவான கஷ்டம் ஒன்றுண்டு. விளைந்த பொருள் சந்தையை அடையுமுன் சுமைகூலி அதன் விலையைத் தின்றுவிடும். ஆதலால் எடை மிகுந்து விலை குறைந்த சரக்கை விற்று மலைநாட்டார் வாழ இயலாது. எடை குறைந்து விலை உயர்ந்த பொருளையே அவர்கள் தேட வேண்டும். அல்லது நீரை விற்க வேண்டும். அதுவும் இல்லையாயின் ஆட்களைக் கீழே அனுப்ப வேண்டும். பூடான் தன் மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுத்து இந்தியாவுக்கு விற்கிறது. அந்நாட்டின் 2008ஆம் வருஷத்து அரசியல் சட்டம், நிலப்பரப்பில் நூற்றுக்கு 60 பங்குக்குக் குறையாமல் என்றைக்கும் காடாக இருக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. காடு கெட்டால் ஆறு கெடும், ஆறு கெட்டால் வருமானம் கெடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். நேபாளமோ நெடுங்காலமாகத் தன் வாலிபரை வெளிநாடுகளுக்குச் சிப்பாய்களாகவும் கூலிகளாகவும் அனுப்பி, அவர்கள் அனுப்பும் பணத்தால் குடும்பங்களைக் காத்து வருகிறது. ஜவ்வாது மலை தனி ராஜ்யமன்று. ஆயினும் இந்த நியாயம் அதற்கும் பொருந்தும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பூடான் தன் நீருக்கு விலை பெறுகிறது. ஜவ்வாது மலை தன் நீரை இனாமாகக் கொடுக்கிறது.

செய்யாறும் அகரம் ஆறும் இம்மலையைக் கிழக்குக் கூறு, மேற்குக் கூறு என இரண்டாகப் பிரிக்கின்றன. இரண்டும் இறுதியில் பாலாற்றிற்கே சேர்வன. செய்யாறு தெற்கே இறங்கிச் செங்கத்தருகே சமவெளியை அடைகிறது. அங்கே குப்பநத்தத்தில் அதன் குறுக்கே அணையொன்று கட்டப்பட்டிருக்கிறது. பின்னர் வடகிழக்காகத் திரும்பிக் கலசபாக்கம், திருவத்திபுரம் வழியாக வந்து, அனுமந்தண்டலத்தைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. மலையின் கிழக்குச் சரிவில் தோன்றும் கமண்டல நதியும் நாகநதியும் ஆரணிப் பக்கத்தில் ஒன்றுபட்டுச் செய்யாற்றில் விழுகின்றன. எனவே உத்திரமேரூர் எல்லையை எட்டும் ஆறு ஒரே ஊற்றின் பிள்ளையன்று. மலையின் பல மடிப்புக்களில் பெய்த மழை ஒருங்குசேர்ந்த உருவம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மா என்ற செங்கத்தை ஆண்ட நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்களுக்கு வழிகாட்டும் பாட்டு. அதில் இவ்வாறு சேயாறு என்னும் பெயருடன் வருகிறது. தினையும் தேனும் கிழங்கும் நிறைந்த மலைவழியை அது வருணிக்கும். சாலைகள் வந்தபின்னும் அவ்வழியின் பொருளாதாரம் முற்றிலும் மாறிவிடவில்லை.

மலையில் வாழ்பவர் பெரும்பாலும் மலையாளிகள். இப்பெயரைக் கேட்டுக் கேரள தேசத்தாரோ என்று மயங்குவாருண்டு. அவர்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர், மலையில் இருப்பவர் என்பதே இச்சொல்லின் கருத்து; இவர்கள் பேசுவது தமிழ். கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் இவ்வினத்தார் உளர். 2011ஆம் வருஷத்து ஜனக்கணிதப்படி தமிழ்நாட்டில் மலையாளிகள் ஏறத்தாழ 3½ லட்சம் பேர். மாகாணத்துப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் இவர்களே முதல்வர்.

இவர்கள் தங்கள் பூர்வீகமாகச் சொல்லிவரும் ஊர் எது என்பது காஞ்சிபுரம் ஜில்லாவாசிகளுக்கு ஆச்சரியமாயிருக்கும். அது காஞ்சிபுரமே. ஜவ்வாது மலையில் வழங்கும் கதையொன்று பழைய வட ஆர்க்காட்டு வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனராம். வேளாளர் இகழ்ந்து மறுக்கவே, வேடர்கள் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். "நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்ததாக எண்ணிக் கருமம் செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிப் போயினர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் நீந்திக் கரையேறினர். நாய்களோ நடு ஆற்றில் அஞ்சித் திரும்பி வீடு வந்து சேர்ந்தன. மனைவியர் தாலி களைந்து கருமம் செய்து முடித்தனர். பகைவரைக் கொன்று திரும்பிய ஆடவர்க்கு ஊரில் இடமில்லை. செத்தவராகத் தீர்ந்தவர்க்கு எந்த வீட்டில் சோறு? அவர்கள் வேடப் பெண்களை மணந்து ஜவ்வாது மலைக்கேறி ஏர் பிடித்தனர் என்று கதை முடிகிறது.

இது சரித்திரமன்று, ஐதிகமே. எனினும் மலையாளிகள் தங்களைக் காட்டு மனிதராக அன்றிக் கீழ்நாட்டிலிருந்து பிரிந்துபோன உழுகுடிகளாகவே கருதிக்கொள்வது இதனால் விளங்கும். கவுண்டர் என்ற பட்டமும், நாட்டாண்மையும் ஊர்க்கவுண்டரும் கூடி வழக்குத் தீர்க்கும் ஏற்பாடும் அக்கருத்தோடு ஒத்துச் செல்வன. ஐதிகத்தின்படி அவர்களைப் பிரித்ததும் வெள்ளம். இன்று அவர்களையும் கீழ்நாட்டாரையும் சேர்ப்பதும் அதே வெள்ளந்தான்.

மலையின் பிரதான தானியம் சாமை. பள்ளத்தாக்குகளில் ஊற்றுநீர் தேங்குமிடத்தில் நெல்லும், ஏனைய கொல்லைகளில் கேழ்வரகும் கொள்ளும் பயிராகின்றன. ஆயினும் சரிவு நிலத்துக்குச் சாமைக்கு நிகர் வேறில்லை. மண் ஆழம் வேண்டாது. எருவை அதிகம் கேளாது. ஒரு மழை தவறினாலும் தாங்கும். ஆனி ஆடி மழையில் விதைத்தால் சுமார் 100 நாளில் அறுவடைக்கு வரும். ஏர் செல்லக்கூடிய இடத்தில் உழுதும், சரிவு கடிதான இடத்தில் களைக்கொத்தால் கொத்தியும் விதைப்பர். தென்மேற்குப் பருவமழை இம்மலைக்குச் சுமாராகக் கிடைப்பது இப்பயிருக்குப் பேருதவி. உத்திரமேரூரில் நெல்லுக்கு ஏரி எப்படியோ, மலையில் சாமைக்கு ஆடி மழை அப்படி.

சாமையின் தொல்லை விளைச்சலில் இல்லை; குத்துவதில் இருக்கிறது. மணி சிறிது, உமி கெட்டி. ஒரு வேளைச் சோற்றுக்குப் பெண்கள் உரலண்டை வெகுநேரம் நிற்க நேரும். நியாயவிலை அரிசி மலையேறியபின் பல வீடுகளில் சாமைச் சோறு குறைந்தது. அதே காலத்தில் பட்டணத்தார் நீரிழிவுக்கு நல்லதென்று சாமையரிசியைத் தேடி வாங்கத் தொடங்கினர். மலையில் முழுத் தானியமாக மூட்டை கட்டி விற்கப்படுவது, கீழே உமி நீங்கி அரிசியாகிப் பொட்டலமாகும்போது விலை பன்மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றம் முழுதும் மலையடிவாரத்துக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. கூட்டுறவு சங்கமும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் உமி நீக்கும் இயந்திரமும் மலைமேலேயே ஏற்பட வேண்டியதன் காரணம் இதுவே. சில முயற்சிகள் நடந்தும் வருகின்றன. அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன், எந்தச் சங்கம் எதிரே இருந்தாலும் அவ்வியாபாரிக்கே மூட்டையைக் கொடுக்க வேண்டியவன் என்பதை மட்டும் முயற்சி செய்வோர் மறக்கலாகாது.

காட்டுப் பொருள்களில் தேன், புளி, கடுக்காய், நெல்லி, சீயக்காய், பலா முதலியன விலைபோவன. மேற்சொன்ன நியாயப்படி எடை குறைந்து விலை மிகுந்த சரக்கு என்றால் ஒரு காலத்தில் இம்மலைக்குச் சந்தனமே. திருப்பத்தூரிலுள்ள சர்க்கார் சந்தனமரக் கிடங்கு இம்மலைச் சந்தனத்தால் கீர்த்தி பெற்றது. அச்செல்வம் மலைவாசிக்குச் சொந்தமாயிருந்ததில்லை. மரம் சர்க்காருடையது, திருடி விற்ற லாபம் தரகருடையது, வெட்டிய கூலியும் சிறைவாசமுமே மலைவாசியின் பங்கு. திருட்டு வெட்டினால் சந்தனம் அருகிப்போயிற்று. மரம் அறுக்கும் கைத்திறன் மட்டும் எஞ்சியது. அதைத் தேடித் தரகர்கள் வந்து, ஆந்திர தேசத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட ஆட்களை அழைத்துப் போயினர். 2015ஆம் வருஷம் ஏப்ரல் 7ஆம் தேதி அக்காட்டில் போலீஸார் சுட்டதில் தமிழ்நாட்டார் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்களின் மலைப்புறத்துக் கூலிகளே அவர்களில் பெரும்பாலோர். அவர்களைக் கள்வர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. சாமை மூட்டைக்கு நியாயமான விலை இருந்திருக்குமாயின் அவர்களில் எத்தனை பேர் அன்று அக்காட்டில் இருந்திருப்பார்கள் என்பது, சந்தைக் கணக்கு எழுதுவோர் யோசிக்கத்தக்கது.

இப்போது வாலிபர் பலர் கேரளம், கர்நாடகத் தோட்டங்களுக்கும் திருப்பூர் ஆலைகளுக்கும் கூலிக்குச் செல்கின்றனர். படிப்பிலும் மாறுதல் உண்டு. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் மலையாளிப் பெண் 2024ஆம் வருஷம் தமது 23ஆம் வயதில் உரிமையியல் நீதிபதி தேர்வில் வெற்றி பெற்றார். மற்றொரு புறம், மலைமேல் காவலூரில் வான ஆராய்ச்சி நிலையமொன்று இருக்கிறது. 1968 முதல் அங்கே தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களை ஆராய்ந்து வருகிறார்கள், 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியுடைய பெரிய தொலைநோக்கியும் அமைந்தது. நகர வெளிச்சம் எட்டாத இருளே அவ்விடத்தைத் தெரிந்தெடுக்கக் காரணங்களில் ஒன்று. குக்கிராமத்தில் குறைவு எனப்படும் இருட்டு, விஞ்ஞானிக்குச் செல்வமாயிற்று.

இனி நீரின் விஷயம். ஏரிப்பாசனக் குடிகள் பலர் ஆற்றில் எத்தனை அடி வெள்ளம் வந்தது என்று கணக்கிட்டு மகிழ்வர். ஏரிக்கு வேண்டிய கணக்கு அதுவன்று. ஆறு எத்தனை நாள் ஓடிற்று என்பதே. வரத்துக்காலின் அகலமும் ஆழமும் ஓர் அளவுக்கு உட்பட்டவை. ஆற்றில் மூன்று அடி ஓடினாலும் பத்து அடி ஓடினாலும் கால்வாய் கொள்ளும் நீர் ஏறக்குறைய ஒன்றே. மிகுந்தது அணைக்கட்டின்மேல் வழிந்து, பாலாற்றில் கலந்து, வயலூர்ப் பக்கத்தில் கடலுக்குப் போய்விடும். 2021 நவம்பரில் பாலாற்றிலும் செய்யாற்றிலும் கண்டோர் திகைக்கும்படி வெள்ளம் வந்தது. அவ்வளவு நீரும் ஏரிகளுக்கு லாபமாகவில்லை. அதற்கு மாறாக, இடுப்பளவு நீர் நாற்பது நாள் ஓடுமாயின் பெரிய ஏரி நிரம்பி, அதன் கலங்கல் வழிந்து கீழேரிகளுக்கும் பாயும்.

ஆறு பல நாள் ஓடுவதும் சில நாளில் வடிவதும் பெரும்பாலும் மலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. மரமும் புதரும் சருகும் மூடிய மண்ணில் விழும் மழை உடனே ஓடிவிடாமல் உள்ளே இறங்கி, பாறையிடுக்குகளில் ஊறி, வாரக்கணக்கில் கசியும். அக்கசிவே மழை ஓய்ந்தபின் ஆற்றைக் காப்பது. மூடல் நீங்கிய சரிவிலோ மழைத்துளி மண்ணை அடித்துக் கலக்கி, கலங்கல் நீராக ஒரே நாளில் இறங்கிவிடும். வெள்ளமும் அன்றே, வறட்சியும் மறுநாளே. அவ்வாறு இறங்கும் மண் ஆற்றோடு வந்து கால்வாயிலும் ஏரியின் உள்வாயிலும் படியும். ஏரியில் தூர் எடுக்கும் செலவின் ஒரு பகுதி, அறுபது மைலுக்கப்பால் ஒரு சரிவு மொட்டையானதற்குச் செலுத்தும் தண்டமே. ஆற்றுப்படுகையில் மணலை அளவின்றி வாரிய இடங்களில் வேறொரு கேடும் சேர்கிறது. படுகை தாழ்ந்து கால்வாயின் வாய் உயரத்தில் நின்றுவிடுவதால், ஓடும் நீரும் உள்ளே ஏறாது.

இதனால் மலைவாசியின் கொத்துக்காடே கேட்டுக்கெல்லாம் மூலம் என்று சொல்லிவிடுவாருமுண்டு. அது பாதி உண்மையும் ஆகாது. சாமைக்கொல்லையைச் சில வருஷம் தரிசாக விட்டு மீண்டும் கொத்தும் பழைய வழக்கம், நிலம் தாராளமாயிருந்தபோது மண்ணைக் கெடுக்கவில்லை. ஜனத்தொகை பெருகி, ரிசர்வுக் காட்டின் எல்லைக்கற்கள் நெருங்கி, தரிசுக்காலம் சுருங்கியபின்னரே சரிவு இளைத்தது. தனக்கென்று உறுதியான நிலமில்லாதவன் கல்வரப்புக் கட்டமாட்டான். அடுத்த வருஷம் யார் கையிலோ போகும் காட்டில் பலாக்கன்று நடமாட்டான். 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இவ்வுறுதியை அளிக்க ஏற்பட்டது. பட்டா கையில் வந்த இடங்களில் சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு, வரப்போரம் புளியும் பலாவும் நெல்லியும், இடையே சாமை என்னும் முறை மலைக்கு வருமானமும் ஆற்றுக்குக் கசிவும் ஒருங்கே தருவது. இம்முறையில் மலைவாசி செய்யும் வேலையில் பாதி, அவன் அறியாமலே உத்திரமேரூர் ஆயக்கட்டுக்குச் செய்யும் வேலை.

ஏரியைக் காக்கும் கலையில் உத்திரமேரூருக்குப் புதிதாகச் சொல்லத்தக்கது அதிகமில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில் 919ஆம் வருஷத்திலும் 921ஆம் வருஷத்திலும் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விவரிக்கின்றன. 30 குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தெரிந்தவர்களுள் 6 பேர் ஏரி வாரியம் பார்த்தனர். 360 நாளில் அவர்கள் பொறுப்பு முடிந்தது. தூர் எடுக்க அறக்கட்டளைகளும் இருந்தன. அக்காலத்துச் சபை பிராமண நிலவுடைமையாளருக்கே உரியது என்பதையும், உழுத கைகளுக்கு அதில் ஓலை இல்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஏரிக்கென்று தனியாக ஆள் குறித்து, கணக்குக் கேட்டு, தவறினவரை மறுபடி சேர்க்காமல் விலக்கிய ஏற்பாடு சாமானியமானதன்று. அவ்வாரியத்தின் பார்வை கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் ஆகியவற்றோடு நின்றது. மலை அன்று அடர்ந்து கிடந்தமையால் அதற்கப்பால் பார்க்க அவசியம் நேரவில்லை.

இன்று மலைச்சரிவு வன இலாகாவின் வசமும், ஆறும் அணைக்கட்டும் நீர்வள இலாகாவின் வசமும், மலைக்கொல்லை குடிகளின் வசமும், கிராமத்துச் சிறு ஏரிகள் ஊராட்சிகளின் வசமும் இருக்கின்றன. மலை மூன்று ஜில்லாக்களில். ஏரி நான்காவது ஜில்லாவில். அனுமந்தண்டலத்துக் கால்வாயில் நீர் வந்த முதல் நாளையும் நின்ற கடைசி நாளையும் ஏரிப்பாசனச் சங்கத்தார் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் வருஷந்தோறும் குறித்து வருவதற்குச் செலவொன்றுமில்லை. பத்து வருஷக் குறிப்பு சேர்ந்தால், ஓடும் நாள் கூடுகிறதா குறைகிறதா என்பது தெரியும். புரட்டாசி ஐப்பசியில் அப்புஸ்தகத்தில் முதல் வரி எழுதப்படும் சமயத்தில் மலையில் சாமைக்கதிர் களத்துக்கு வந்துகொண்டிருக்கும்.